தட்டு உலர்ந்திருக்கிறது

எட்டாம் வகுப்பு. ஆவியாதலும் குளிர்தலும்.
மூன்று நிமிடத்துக்கு மிகாமல் ஒரு வீடியோ,
குழுவுக்கு நால்வர், கடைசி நாள் வெள்ளி
என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான்தான்.
மழை பிடித்தால் பூம்பாறையில் டவர் கிடைக்காதென்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒன்பது குழு.
சில பென்டிரைவில் வந்தன.
ஒன்று, அண்ணனின் போனோடே வந்து
என் மேஜைமேல் படுத்துக்கொண்டது.
சனி இரவு வாடகை அறையில்
கம்பளிக்குள் லேப்டாப்பை இழுத்துக்கொண்டு
மதிப்பெண் தாளை விரித்தேன்:
ஒலிக்கு ஐந்து, ஒளிக்கு ஐந்து, கருத்துக்கு ஐந்து,
திரையில் பங்கேற்புக்கு ஐந்து.

முதல் குழு நீராவிக்குக் குத்துப்பாட்டு போட்டிருந்தது.
இரண்டாவதில் ஒருவன் கேரட் வயலில் நின்று
எழுபத்தோராம் பக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு
நன்றி வணக்கம் என்று குனிந்தான்.
குனிந்த இடத்தில் ஒரு நாய் தெரிந்தது.
நான்காவதை மூடுபனி தூக்கிக்கொண்டு போய்விட்டது:
இரண்டு நிமிடம் நாற்பது நொடி
வெறும் வெள்ளை,
வெள்ளைக்குள்ளிருந்து
"மிஸ், இதுதான் மிஸ்."
கருத்துக்கு ஐந்தும் போட்டேன்.

ஏழாவது குழு:
சுபிக்‌ஷா, குணாளன், ரெனிட்டா, வேலப்பன்.
விறகடுப்பு. பானை. கொதி.
மேலே கட்டிய பூண்டுக்குப் புகை போய்க்கொண்டிருக்கிறது.
சுபிக்‌ஷா எவர்சில்வர் தட்டை நேரே தூக்கிக் காட்டி
கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல்
"பாருங்கள், தட்டு உலர்ந்திருக்கிறது" என்கிறாள்.
குணாளன் தடவிப் பார்த்து ஆமோதிக்கிறான்.
வெளியிலிருந்து ஓர் அதட்டல்:
"லோடுவண்டிக்காரன் கூப்பிடுவான், போனக் கொண்டா."
"ரெண்டே நிமிசம்மா."
இந்தப் பதில் மிக அருகில்,
கேமராவின் தொண்டையிலிருந்தே வருகிறது.
ஜூனிலிருந்து என் வகுப்பில்
அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"பாருங்கள், தட்டு நனைந்திருக்கிறது."
ரெனிட்டா விளக்குகிறாள். முடிந்தது.
ஒளிக்கு நான்கு.
நான்கு பெயர், மூன்று முகம்.
பங்கேற்பில் கழித்து, சிவப்பில் எழுதினேன்:
ஒருவர் வரவில்லை.
வருகைப் பதிவேடும் அதைத்தான் சொன்னது:
திங்கள் முதல் வியாழன்வரை
வேலப்பனுக்குப் பூண்டு எடுக்கிற வேலை.

கேட்டேன்.
"போன் அவன் வீட்டுது மிஸ்,
அதான் சேத்துக்கிட்டோம்."
ஒளிவுமறைவில்லாத பிள்ளைகள்.
அவன் பெஞ்சின் கீறலில்
நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.
நக இடுக்கில் பூண்டுத் தோல்.

அன்றிரவு மறுபடி ஓட்டினேன்.
இருபத்திரண்டாவது நொடியில் நிறுத்தினேன்.
தட்டு உலர்ந்திருக்கிறது.
தட்டுக்குள், கரண்டியில் தெரிவதுபோல் வளைந்து,
ஒரு குரங்குக் குல்லா,
நடுங்காமலிருக்க விலாவில் முட்டுக்கொடுத்த
இரண்டு முழங்கை,
பல்லுக்கிடையில் நாக்கு நுனி.
ஓட விட்டேன்.
ஆவி ஏறுகிறது.
முதலில் குல்லா போனது,
பிறகு முழங்கைகள்,
பிறகு பாடத்தில் இருப்பதுபோலவே
துளி, துளியோடு துளி,
ஆளே இல்லை.
கடைசி நொடியில் ரெனிட்டா
ஸ்வெட்டர் கையால் தட்டைத் துடைக்கிறாள்.
ஒரு கண் திரும்பி வருகிறது.
அதற்குள் ஒரு விரல் வந்து
திரையை முழுக்க மூடி
நிறுத்திவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை, ஓதம் ஏறிய சுவரில்
புரொஜெக்டரைப் பாய்ச்சி
இருபத்திரண்டில் நிறுத்தினேன்.
முதலில் யாருக்கும் தெரியவில்லை.
பிறகு பின்பெஞ்சில் ஒருத்தி,
"டேய், வேலப்பன்டா!"
வகுப்பே சுவரைப் பார்த்தது,
அப்புறம் அவனைப் பார்த்தது,
அப்புறம் மறுபடி சுவரை.
குல்லாவைக் கண்வரை இழுத்துக்கொண்டான்.
நான் ஏதோ நல்லதாகச் சொல்ல
வாயைத் திறந்தபோது
அவன் எழுந்தான்.

"தப்பு மிஸ்.
தட்டக் கொஞ்சம் சாச்சுப் புடிக்கச் சொல்லிருக்கணும்.
நான் உள்ள விழுந்துட்டேன்.
அடுத்த தடவ விழ மாட்டேன்."

உட்கார்ந்துவிட்டான்.
பேனா கையில்தான் இருந்தது.
ஒளிக்கு எதிரே இருந்த நான்கை அடித்தேன்.